றிமோட் படகில் டேட்டா லொகர்: வயரிலிருந்து வரைபு வரை

வெளியிணைப்பு இயந்திரம் திருத்துவது என் தொழில். யாழ்ப்பாணம் குருநகரில் கரைக்குப் பக்கத்தில் பட்டறை. பதினைந்து குதிரைவலு என்ஜின் ஒன்று தன் சக்திக்கு மிஞ்சிய புரொப்பெல்லரோடு வந்தால், படகு கரை தட்ட முன்னரே சத்தத்தில் தெரிந்துவிடும். என்ஜின் முனகும், புகை கூடும், சுற்று ஏறாது. மின் மோட்டர் அப்படி இல்லை. எவ்வளவு பாரம் கொடுத்தாலும் கேட்டதைச் செய்துகொண்டே இருக்கும். எரிந்த நாற்றம் வரும்போது உள்ளே செப்புச் சுருள் கருகி முடிந்திருக்கும். றிமோட் படகு ஓட்டும் பிள்ளைகள் பட்டறைக்குக் கொண்டுவரும் மோட்டர்களில் அநேகமானவை இப்படிப் போனவைதான். அவர்கள் எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, ஓடேக்க எத்தனை அம்பியர் இழுத்தது?" பதில் இருக்காது. அந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பதற்குத்தான் டேட்டா லொகர், அதாவது ஓடும்போது கரண்ட், வேகம், சூடு போன்றவற்றை அளந்து எழுதிவைக்கும் கருவி.

என்னுடைய படகு நம்முடைய பைபர் படகின் வடிவத்தில் பிளைவூட்டில் நானே கட்டியது. முக்கால் மீற்றர் நீளம். மோட்டர் 3650 அளவு பிரஷ்லெஸ், அதாவது 36 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அலுமினிய உறை. ஈ.எஸ்.சி, அதாவது மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி, 60 அம்பியர். பற்றரி மூன்று செல் லிப்போ (லிதியம் பொலிமர்), 5000 மில்லி அம்பியர்-மணி. கீழே சொல்வதெல்லாம் இந்தப் படகை வைத்துத்தான். விமானத்துக்கும் காருக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் பறக்க விடுவதென்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அனுமதியையும் முதலில் பாருங்கள். பலாலி விமான நிலையம் பக்கத்தில் இருக்கும்போது இது விளையாட்டில்லை.

எந்த வகை லொகர்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படகுக்குள்ளேயே நினைவகத்தோடு இருக்கும் தனிப் பெட்டி. பற்றரிக்கும் ஈ.எஸ்.சிக்கும் நடுவில் பூட்டி, ஓடி முடிந்த பிறகு யூ.எஸ்.பி வயரால் கணினியில் இறக்க வேண்டும். மற்றது, படகில் சென்சர்களை மட்டும் வைத்து, அவற்றின் அளவுகளை றிசீவர் வழியாக றிமோட்டுக்கு அனுப்பி, றிமோட்டில் உள்ள மெமறி காட்டில் எழுதவைப்பது.

தனிப் பெட்டி வேகமாக எழுதும், தொடர்பு அறுந்தாலும் எழுதிக்கொண்டே இருக்கும். ஆனால் ஓடும்போது என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது முறையில் தொடர்பு அறுந்தால் அந்த இடத்தில் பதிவும் நின்றுபோகும். ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மோட்டர் சூடாகும் அந்தச் செக்கனிலேயே றிமோட் குரல் கொடுத்து எச்சரிக்கும். கரைக்கு வந்த பிறகு தெரிந்து பலனில்லை. மெமறி காட் உப்புத் தண்ணீருக்குள் போகாமல் உங்கள் கையில் இருக்கும் என்பது இன்னொரு நன்மை.

இதற்கு எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் றிமோட் வேண்டும். என்னிடம் இருப்பது ரேடியோமாஸ்ரர் டிஎக்ஸ்16எஸ், பல வகை றிசீவர்களோடு பேசும் 4-இன்-1 மொடியூலோடு. றிசீவர் ஃப்ரிஸ்கை எக்ஸ்8ஆர். சென்சர்கள் மூன்று: 100 அம்பியர் வரை அளக்கும் கரண்ட் சென்சர் (இதுவே வோல்ற்றளவையும் அனுப்பும்), ஜி.பி.எஸ், சுற்றும் வெப்பநிலையும் அளக்கும் சென்சர். மூன்றும் எஸ்-போர்ட் வகை, அதாவது ஃப்ரிஸ்கை றிசீவரோடு பேசும் இணைப்பு. வாங்கும்போது பெட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய றிசீவர் யாரிடமாவது வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். ஃப்ரிஸ்கை 2020இல் தன் டி16 என்ற றேடியோத் தொடர்பு முறையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அது முதல் பதிப்போடு பேசாது. 4-இன்-1 மொடியூலில் முதல் பதிப்புக்கு "ஃப்ரிஸ்கை எக்ஸ்" என்றும், இரண்டாவதற்கு "ஃப்ரிஸ்கை எக்ஸ்2" என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்றில் பைண்ட் ஆகாவிட்டால் (றிமோட்டோடு இணையாவிட்டால்) மற்றதைப் போட்டுப் பாருங்கள், றிசீவர் பழுதென்று தூக்கிப் போடாதீர்கள்.

வயர் வேலை

கரண்ட் சென்சர் பற்றரிக்கும் ஈ.எஸ்.சிக்கும் நடுவில் வர வேண்டும். எந்தப் பக்கம் பற்றரி, எந்தப் பக்கம் ஈ.எஸ்.சி என்று அதன் மேலேயே அடித்திருக்கும். தலைகீழாகப் பூட்ட வேண்டாம்.

சென்சரைச் சேர்ப்பதற்காகப் பற்றரி வயரை நீட்டிக்கொண்டே போவது பலர் செய்வது. அது ஈ.எஸ்.சியைக் கொல்லும். பற்றரியிலிருந்து வரும் வயர் நீளும்போது அதன் தூண்டுதிறன் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) கூடுகிறது, ஈ.எஸ்.சி செக்கனுக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுவதால், அந்த நீளத்தில் வோல்ற்றளவு துள்ளுகிறது, துள்ளலை ஈ.எஸ்.சியின் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே பற்றரி, சென்சர், ஈ.எஸ்.சி மூன்றையும் நெருக்கி வையுங்கள். நீளம் தேவைப்பட்டால் ஈ.எஸ்.சிக்கும் மோட்டருக்கும் இடையில் நீட்டுங்கள், அது பரவாயில்லை. ஈயம் ஒட்டும்போது 60 வாற்றுக்குக் குறையாத அயன் எடுங்கள். சின்ன அயனால் தடித்த வயரை ஒட்டினால் ஈயம் மேலே உருண்டு நிற்குமே தவிர உள்ளே இறங்காது. 40 அம்பியர் ஓடும்போது அந்த மூட்டுத்தான் முதலில் சூடாகும்.

சென்சர்களின் சிறிய வயர் மூன்று இழை: சிக்னல், நேர், மறை. ஒரு சென்சரின் வாலில் அடுத்ததைச் செருகி, கடைசி வாலை றிசீவரின் எஸ்-போர்ட் துளையில் செருக வேண்டும். எது முதல், எது பிறகு என்ற ஒழுங்கு இல்லை. ஒரே வகைச் சென்சர் இரண்டு வைத்தால் மட்டும் இரண்டுக்கும் ஒரே அடையாள இலக்கம் இருக்கும், அப்போது ஒன்றை மாற்ற வேண்டும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சுற்று அளக்கும் வயர்கள் இரண்டையும் மோட்டருக்குப் போகும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டில் ஒட்ட வேண்டும். வெப்பநிலை முனையை மோட்டர் உடம்பில், தண்ணீர் உறை மூடாத இடத்தில், வெப்பப் பசை கொஞ்சம் தடவி, சூடு தாங்கும் கப்டன் ரேப்பால் ஒட்டுங்கள். உறைக்கு மேலே ஒட்டினால் தண்ணீரின் வெப்பநிலையைத்தான் அளப்பீர்கள்.

ஜி.பி.எஸ் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தளத்துப் பலகைக்கு அடியில் வைத்தால் பிளைவூட் பரவாயில்லை, ஆனால் காபன் துணி ஒட்டிய பலகையென்றால் சிக்னல் வராது. றிசீவரின் அன்ரனா இரண்டையும் பிளாஸ்ரிக் குழாயில் விட்டு நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை உப்புத் தண்ணீரை ஊடுருவாது. படகின் வயிற்றுக்குள் அன்ரனா கிடந்தால் கொஞ்சம் தூரம் போனதுமே பதிவு விட்டு விட்டு வரும்.

பிறகு உப்பு. நம் கடல்நீரேரியில் ஓட்டுவதென்றால் இதை விட்டுவிட முடியாது. சென்சர்களின் மின்பலகைகளுக்கு அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு இரண்டு முறை அடியுங்கள். கிடைக்காவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சும் வேலை செய்யும். செருகிகளுக்குள் பூச்சுப் போகக்கூடாது. அங்கே சிலிக்கோன் கிறீஸ் கொஞ்சம் வையுங்கள். எல்லாவற்றையும் படகின் அடியில் கிடக்கவிடாமல், பக்கச் சுவரில் உயரமாக ஒட்டுங்கள். எப்படி அடைத்தாலும் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் சேரத்தான் செய்யும்.

றிமோட்டில் செய்ய வேண்டியவை

முதலில் தொடர்பு அறுந்தால் மோட்டர் நிற்கும்படி பெயில்சேஃப் வையுங்கள். பண்ணைப் பாலத்துப் பக்கம் சிறகுவலைக் கம்புகள் நிற்கும் இடத்தில் கட்டுப்பாடில்லாத படகு ஓடுவது பிறருடைய பிழைப்பில் கைவைக்கும் காரியம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, றிமோட்டை அணைத்துப் பார்த்து, மோட்டர் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அடுத்து றிமோட்டின் நேரத்தையும் திகதியையும் சரிசெய்யுங்கள். பதிவுக் கோப்பின் பெயரிலேயே மொடலின் (றிமோட்டில் இந்தப் படகுக்கென்று வைத்த அமைப்பின்) பெயரும் திகதியும் வரும். நேரம் பிழையென்றால் ஒரு மாதம் கழித்து எது எந்த ஓட்டமென்று கண்டுபிடிக்க முடியாது.

படகை வெளியே முற்றத்தில் வைத்துப் பற்றரியைக் கொடுங்கள். ஜி.பி.எஸ் வானத்திலிருந்து இடம் பிடிக்கும்வரை பொறுங்கள். மொடலின் டெலிமெற்றி (படகிலிருந்து வரும் அளவுகள்) பக்கத்தில் "டிஸ்கவர் நியூ" என்பதை அழுத்தினால் சென்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெயர்கள் நான்கு எழுத்துக்குள் சுருங்கியிருக்கும். வருபவை: சிக்னல் பலம், றிசீவர் வோல்ற்றளவு, பிரதான பற்றரியின் வோல்ற்றளவு, கரண்ட், ஜி.பி.எஸ் வேகம், வெப்பநிலை. எல்லாம் வந்ததும் தேடலை நிறுத்துங்கள். நிறுத்தாமல் விட்டால் வேண்டாதவையும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு சென்சரையும் திறந்து இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று அலகு. ஜி.பி.எஸ் வேகம் தொடக்கத்தில் நொட்டில் இருக்கும். மணிக்குக் கிலோமீற்றராக மாற்றுங்கள். ஒரு நொட் 1.852 கிலோமீற்றர். மற்றது "லொக்ஸ்" என்ற சரிக்கட்டம். அது இல்லாத சென்சர் திரையில் தெரியும், பதிவில் வராது. படகுக்கு உயரம் தேவையில்லை, அதன் சரிக்கட்டத்தை எடுத்துவிடுங்கள். பதிவுத் தாளில் தேவையில்லாத நிரல் (கொலம்) குறையும்.

இன்னொரு சென்சரை நீங்களே உருவாக்க வேண்டும். வகை "கல்குலேற்றட்", சூத்திரம் "கன்சம்ஷன்", மூலம் கரண்ட் சென்சர். செலவான மில்லி அம்பியர்-மணியை அது கூட்டிக்கொண்டே போகும். பற்றரி மாற்றும்போது பூச்சியமாக்க ஒரு பொத்தானில் "றீசெற் டெலிமெற்றி" வையுங்கள்.

பதிவைத் தொடக்குவது "ஸ்பெஷல் ஃபங்ஷன்" பக்கத்தில். ஒரு ஆளியைத் தெரிவுசெய்து, வேலை "எஸ்.டி லொக்ஸ்", இடைவெளி 0.2 செக்கன், கடைசியில் உள்ள செயற்படுத்தும் கட்டத்தில் சரி. இடைவெளியை 0.1 செக்கன் வரை குறைக்கலாம். ஆனால் சென்சரின் அளவுகள் காற்றில் வந்து சேர நேரம் எடுக்கும். என் தங்கையின் மகள் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறாள். முதலில் பதிவைத் திறந்து பார்த்தவள் அவள்தான். "மாமா, இது ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதுது" என்றாள். உண்மைதான். புது அளவு வரும்வரை பழைய அளவைத்தான் றிமோட் எழுதும். படகுக்கு 0.2 தாராளம்.

எப்போதும் ஓடும்படி வைக்காமல் ஆளியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது றிமோட்டை அணைத்தால் கோப்பு பழுதாகலாம். ஓட்டம் முடிந்ததும் ஆளியை மூடி, பிறகு றிமோட்டை அணையுங்கள்.

குரல் எச்சரிக்கையையும் அப்போதே வைத்துவிடுங்கள். "லொஜிக்கல் சுவிட்ச்" பக்கத்தில் வெப்பநிலை 70ஐத் தாண்டினால் என்று ஒன்று, பற்றரி 10.5 வோல்ற்றுக்குக் கீழே போனால் என்று ஒன்று. இரண்டையும் ஸ்பெஷல் ஃபங்ஷனில் அளவைச் சொல்லும் வேலைக்கு இணையுங்கள். ஏன் 70? சாதாரண தர நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும், அதற்கு மேல் காந்தத்தன்மை குறைய ஆரம்பிக்கும். நாம் அளப்பது மோட்டரின் வெளி உடம்பை. உள்ளே அதைவிடச் சூடு. 10.5 வோல்ற் என்பது செல்லுக்கு 3.5.

கணினி

எட்ஜ்டிஎக்ஸ் கொம்பானியன் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். றிமோட்டில் உள்ள எட்ஜ்டிஎக்ஸ் பதிப்பும் இதுவும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும்: றிமோட்டில் 2.10 என்றால் கொம்பானியனும் 2.10. திறந்ததும் அமைப்புகளில் உங்கள் றிமோட்டின் வகையைத் தெரிந்தெடுங்கள்.

றிமோட்டை இயக்கி யூ.எஸ்.பி வயரைச் செருகினால் என்னவாக இணைய வேண்டுமென்று அது கேட்கும். ஜொய்ஸ்ரிக் இல்லை, "ஸ்ரோறேஜ்". ஒன்றும் நடக்காவிட்டால் வயரைச் சந்தேகியுங்கள். போன் சார்ஜரோடு வரும் சில வயர்களில் மின் இழை மட்டும்தான் இருக்கும், தரவு இழை இருக்காது. பட்டறைக்கு "றிமோட் பழுது" என்று வந்தவற்றில் இதுவும் உண்டு.

இணைந்ததும் "றீட் மொடல்ஸ் அண்ட் செற்றிங்ஸ்" கொடுத்து எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். இதற்கு முன்னர் எதையும் மாற்றக்கூடாது. பிறகு மொடலைத் திறந்தால் மேலே சொன்ன டெலிமெற்றி, லொஜிக்கல் சுவிட்ச், ஸ்பெஷல் ஃபங்ஷன் எல்லாம் தனித்தனித் தாள்களாக இருக்கும். றிமோட்டின் சிறிய திரையில் விரலால் தேடுவதைவிட இங்கே மாற்றுவது லேசு. மாற்றி முடித்ததும் "றைட்" கொடுத்து றிமோட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். சென்சரைக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் றிமோட்டிலேயே செய்ய வேண்டும், படகு பேசுவது அதனோடுதானே.

எண் உண்மையா?

இதைச் செய்யாமல் தண்ணீருக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பிழையான எண் எண்ணே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அதை நம்பிவிடுவோம்.

வோல்ற்றளவைப் பார்க்க நல்ல மல்ரிமீற்றரால் பற்றரி முனையில் அளந்து றிமோட்டில் வருவதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சென்சரின் அமைப்பில் உள்ள "றேஷியோ"வை மாற்றலாம். கரண்டுக்கு முதலில் பூச்சியம்: மோட்டர் நிற்கும்போது றிசீவரும் சுக்கானைத் திருப்பும் சேர்வோவும் எடுக்கும் கொஞ்சம்தான் காட்ட வேண்டும். ஒன்று இரண்டு அம்பியர் காட்டினால் "ஒஃப்செற்" போட்டுக் கழியுங்கள்.

பெரிய கரண்ட் சரியா என்று பார்க்கச் சாதாரண கிளாம்ப் மீற்றர் உதவாது, அவற்றில் பல ஏ.சி மட்டும்தான் அளக்கும். டி.சி அளக்கும் கிளாம்ப் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு ஓட்டம் ஓடி, பதிவில் வந்த மில்லி அம்பியர்-மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சார்ஜரில் மறுபடி முழுதாக ஏற்றுங்கள். சார்ஜர் எவ்வளவு ஏற்றினேன் என்று காட்டும். லிப்போவில் எடுத்ததும் ஏற்றியதும் ஏறக்குறைய ஒன்றுதான். பதிவு 3000 என்று சொல்லி, சார்ஜர் 3300 ஏற்றியிருந்தால், உங்கள் சென்சர் ஏறக்குறைய ஒன்பது வீதம் குறைத்துக் காட்டுகிறது. அதற்கேற்ப றேஷியோவை மாற்றி மறுபடி ஓடிப் பாருங்கள். சார்ஜரின் அளவும் நூறு வீதம் சரியென்று இல்லை, ஆனால் எப்போதும் ஒரே சார்ஜரை வைத்து ஒப்பிட்டால் புரொப்பெல்லர்களை நியாயமாக ஒப்பிடலாம்.

தண்ணீரில்

காலை வேளை போங்கள். சோளகக் காற்று எழும்பிவிட்டால் நீரேரியில் குட்டி அலை எழும்பும். படகு துள்ளித் துள்ளி புரொப்பெல்லர் காற்றைச் சுழற்றும்போது அம்பியர் விழுந்து விழுந்து எழும், அந்தப் பதிவில் ஒன்றும் படிக்க முடியாது. தரை தெரியுமளவு ஆழமில்லாத இடமும் வேண்டாம். ஆழமற்ற நீரில் படகின் இழுவை மாறிவிடும், சாதாளை என்ற கடற்களையும் சிக்கும்.

ஆளியைப் போட்டுப் பதிவைத் தொடக்குங்கள். பத்துச் செக்கன் சும்மா மிதக்க விடுங்கள், ஓய்வு வோல்ற்றளவு அதில்தான் கிடைக்கும். பிறகு நேர்கோட்டில் முழு த்ரொட்டில், பத்துப் பன்னிரண்டு செக்கன். திரும்பி அதே கோட்டில் எதிர்ப்பக்கம். காற்றோடு ஒரு முறை, காற்றுக்கு எதிராக ஒரு முறை என்று சோடியாக ஓடினால் சராசரி எடுக்கலாம். இரண்டு மூன்று சோடி போதும். வளைந்து நெளிந்து ஓடுவது சந்தோசமான விடயம்தான், அதை அளவெடுத்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கரண்ட் ஏறி வேகம் விழும், அது சராசரியைக் கெடுக்கும்.

ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். புரொப்பெல்லரை மாற்றினால் பற்றரியின் இடத்தை மாற்றாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பற்றரி முழுதாக ஏற்றியதாக இருக்கட்டும். சின்னக் கொப்பி ஒன்றில் நேரம், புரொப்பெல்லர், காற்று மூன்றையும் எழுதுங்கள். கோப்புக்கு நேரம் தெரியும், எந்தப் புரொப்பெல்லர் என்று தெரியாது.

பதிவைப் படித்தல்

மெமறி காட்டின் லொக்ஸ் கோப்புறையில் கோப்பு இருக்கும். கணினிக்குப் பிரதி எடுத்துவிட்டு அதில் வேலை செய்யுங்கள். கொம்பானியனில் "வியூ லொக் ஃபைல்" திறந்து, இடப்பக்கத்துப் பட்டியலில் கரண்ட், வேகம், வெப்பநிலை மூன்றையும் தெரிவுசெய்தால் ஒரே வரைபில் வரும். சுட்டியால் ஒரு பகுதியைப் பெருப்பிக்கலாம். ஜி.பி.எஸ் இருந்தால் கூகுள் ஏர்த்துக்கு அனுப்பி, படகு போன தடத்தை நீரேரியின் மேலேயே பார்க்கலாம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

கணக்குக்கு லிப்ரே ஒஃபிஸின் கல்க் போதும். கோப்பைத் திறக்கும்போது பிரிப்பான் காற்புள்ளி என்று தெரிவு செய்யுங்கள். நிரல்களில் சென்சர் அளவுகளோடு த்ரொட்டில் தண்டின் நிலையும் இருக்கும், −1024 தொடக்கம் 1024 வரை. இது பெரிய உதவி. த்ரொட்டில் 1000க்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டினால் முழு வேக ஓட்டங்கள் தனியே கிடைக்கும். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நான்கு செக்கனை விட்டுவிடுங்கள், ஜி.பி.எஸ் வேகம் உண்மை வேகத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பிறகு புது நிரலொன்றில் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்குங்கள், அது வாற்று. வாற்றை வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை வாற்று-மணி என்று வரும். என் மருமகள் இதையெல்லாம் ஒரு தாளில் சூத்திரமாகப் போட்டுத் தந்திருக்கிறாள், புதுப் பதிவை ஒட்டினால் விடை வருகிறது.

என் படகில் வந்ததைச் சொல்கிறேன். 37 மில்லிமீற்றர் புரொப்பெல்லரில் முழு வேகத்தில் 28 அம்பியர், 11.2 வோல்ற், மணிக்கு 34 கிலோமீற்றர். அதே வடிவத்தில் 40 மில்லிமீற்றர் போட்டபோது 39 அம்பியர், 10.7 வோல்ற், 36 கிலோமீற்றர். அதாவது 314 வாற்றிலிருந்து 417 வாற்றுக்குப் போய், வேகம் கூடியது இரண்டே கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 9.2 வாற்று-மணி 11.6 ஆகிவிட்டது. பற்றரியின் எண்பது வீதத்தை மட்டும் பாவிப்பதென்று வைத்தால், சிறியதில் எட்டரை நிமிடம் முழு வேகத்தில் ஓடலாம், பெரியதில் ஆறு நிமிடம். வெப்பநிலை சிறியதில் 60ஐத் தாண்டவில்லை. பெரியதில் 70 எச்சரிக்கை வந்து நிறுத்திவிட்டேன். கரையில் நின்று கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூன்று மில்லிமீற்றர் ஏன் இவ்வளவு செய்கிறது? ஒரே வடிவம், ஒரே சுற்று என்றால் புரொப்பெல்லர் விழுங்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்காகக் கூடும். 40ஐ 37ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.48. மோட்டர் பாரத்தில் சுற்றுக் குறைந்ததால் அந்த முழுக் கணக்கும் வராமல் கொஞ்சம் கீழே நின்றது. பெரிய படகுகளிலும் இதே விதிதான், அதனால்தான் பட்டறையில் புரொப்பெல்லர் மாற்றக் கேட்பவர்களிடம் நான் அவ்வளவு கேள்வி கேட்பேன்.

லொகர் வாங்கியவர்கள் புரொப்பெல்லரைத் தெரிவுசெய்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது வீண். நல்ல நிலையில் ஓடிய ஒரு பதிவை எடுத்து வைத்து, மாதத்துக்கொரு முறை அதே மாதிரி ஓடி ஒப்பிட்டால் படகின் நோய் முன்கூட்டியே தெரியும்.

அம்பியர் அதேதான், வெப்பநிலை மட்டும் கூடியிருக்கிறதா? குளிரூட்டும் குழாயில் உப்புப் படிந்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் வாயில் சாதாளை. அம்பியர் கூடி வேகம் குறைந்திருந்தால் புரொப்பெல்லர் இதழ் வளைந்திருக்கிறது அல்லது தண்டில் நூல் சுற்றியிருக்கிறது. வலை நூல் நம் நீரேரியில் எங்கும் மிதக்கிறது. ஓடும்போது திடீரென்று அம்பியர் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கினால் சாதாளை சிக்கிக் கழன்றிருக்கிறது, பயமில்லை. சிக்னல் பலம் 45க்குக் கீழே போகும் இடங்களைத் தடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே திசையில் திரும்பும்போது மட்டும் விழுந்தால் அன்ரனாவை மோட்டரோ பற்றரியோ மறைக்கிறது.

பற்றரியையும் இணைப்புகளையும் பதிவை வைத்துச் சோதிப்பதுதான் எனக்கு அதிக பயன் தந்தது. ஓய்வில் 12.4 வோல்ற் இருந்து, த்ரொட்டில் திறந்த உடனே 28 அம்பியரில் 11.7க்கு இறங்கினால், இறக்கம் 0.7 வோல்ற். அதை 28ஆல் வகுத்தால் 0.025 ஓம், அதாவது 25 மில்லி ஓம். பற்றரியின் உள்தடையும் வயர், செருகி எல்லாவற்றின் தடையும் சேர்ந்த கூட்டு அது. இது 40ஐ நெருங்கினால் முதலில் செருகிகளைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தால் மாற்றுங்கள், மறுபடி அளவுங்கள். அப்போதும் குறையாவிட்டால் பற்றரி கிழடாகிவிட்டது. புதுப் பற்றரிக்குக் காசு கட்ட முன்னர் இந்தக் கணக்கைச் செய்துபார்ப்பது நல்லது, ஏனென்றால் செருகியின் விலை பற்றரியின் விலையில் சிறு பங்குதான்.

ஓடி முடிந்ததும் குளிரூட்டும் குழாயை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதால் அதுவும் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள். சென்சர் செருகிகளைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் புதிதாக வைத்து, மூடியைத் திறந்தபடி நிழலில் காயவிடுங்கள். மெமறி காட்டில் உள்ள கோப்பை அன்றைக்கே கணினியில் போட்டு, கொப்பியில் எழுதியதையும் கோப்பின் பெயரோடு சேர்த்துவிடுங்கள்: திகதி, 37 அல்லது 40, காற்று.